எண்ணிய குரலும் அடித்த கையும்

மே மாதக் கடைசி வாரம். கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் மூட இன்னும் மூன்று நாள் இருந்தது. மதியம் இரண்டே முக்காலுக்குத் தபால்காரர் டில்லரி, ஹார்லன் தெருவில் வீடு வீடாகத் தபால் போட்டுக்கொண்டு போனார். நான்கு முறை வெடித்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் வாழ்பவனுக்குப் பட்டாசு எது, துப்பாக்கி எது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடுதாசிகளை விட்டெறிந்துவிட்டுத் தரையில் படுத்தார். தலையைத் தூக்கியபோது ஒரு சாம்பல் நிறக் கார் முனை திரும்பிக்கொண்டிருந்தது. எதிர் நடைபாதையில் முதுகில் பள்ளிப்பையோடு ஒரு பெண்பிள்ளை குப்புறக் கிடந்தது.

ஜமாயா. பதின்மூன்று வயது. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டுக்குத் தபால் போடுகிறவர் அவர். குண்டு அவளுக்காக வந்ததல்ல, இரண்டு வீடு தள்ளி வாசலில் நின்ற எவனுக்கோ வந்தது. தொடையைத் துளைத்துப் போயிருந்தது. டில்லரி தபால் பையின் வாரைக் கழற்றி இறுக்கிக் கட்டினார். ரத்தம் நிற்கவில்லை. விரலை உள்ளே விட்டு அழுத்தினார். அப்போதும் நிற்கவில்லை.

"மிஸ்டர் மெயில், ஷூல ரத்தம் பட்டுடுச்சா? புதுசு. அத்தை திட்டும்" என்றாள் பிள்ளை. அதற்குப் பிறகு பேசவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவர் கையை இழுத்து எடுக்க வேண்டியிருந்தது, அவராக எடுக்கவில்லை.

டில்லரியை நல்லவர் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருபத்தொன்பது வருஷம் தபால்காரர். வயது ஐம்பத்தாறு. இரண்டு பெண்டாட்டிகளும் விட்டுவிட்டுப் போனார்கள். "நீ என்னைக் கட்டிக்கல, அந்தப் பச்சைச் சட்டையத்தான் கட்டிக்கிட்ட" என்று இரண்டாமவள் கதவைச் சாத்தும்போது சொன்னாள். பொய்யில்லை. டௌ ரோ சகோதர சங்கத்தின் பச்சைச் சட்டை அது. வேறு எந்தச் சங்கமும் உள்ளே விடாத காலத்தில் கறுப்பு மாணவர்கள் தங்களுக்காகத் தாங்களே கல்லூரியில் தொடங்கிய சங்கம். இந்த ஊரில் எண்பது வருஷமாக இருக்கிறது, நானும் அதில் ஒருவன். டாக்டர், வாத்தியார், நீதிபதி, தபால்காரர் எல்லாரும் அதில் ஒன்றுதான், ஒருவரையொருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். டில்லரியின் இடது புஜத்தில் சங்கப் பெயரின் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்திருந்தார்கள். அவர் அம்மா செத்தபோது அறுபது பச்சைச் சட்டைகள் பெட்டியைச் சுற்றிக் கைகோத்து நின்றன. தனக்கும் ஒரு நாள் அப்படி நிற்பார்கள் என்பதுதான் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே நிம்மதி. வேறு சொத்து, சொந்தம் எதுவும் கிடையாது.

பிள்ளையை அடக்கம் செய்த மறுநாளே டில்லரி ஒரு முடிவுக்கு வந்தார். பள்ளி வாசலிலிருந்து குடியிருப்பு வரைக்கும் ஏழு தெரு. ஆகஸ்டில் பள்ளி திறக்கும் திங்கட்கிழமையிலிருந்து தினமும் பெரியவர்கள் இரண்டு பக்கமும் நடந்து பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும். பள்ளி நிர்வாகம் சரி என்றது, ஆனால் நாற்பது பேர் இல்லாமல் அனுமதி கிடையாது என்றும் சொன்னது.

சங்கத்தில் முப்பது பேர் தேறுவார்கள். பாக்கிப் பத்துப் பேருக்குப் போக ஒரே இடம்தான் இருந்தது, 'ஏழு தெரு' குழு. நாலு வருஷத்துக்கு முன் ஒரு சாவு வீட்டு வாசலில் தொடங்கிய கூட்டம் அது. ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்பார்கள். அதில் சுட்டவனும் உண்டு, சுடப்பட்டவனும் உண்டு, முடி பின்னுகிற பெண்ணும் உண்டு. எந்தக் கார் எதற்காக மெதுவாகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சங்கத்துக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டு பக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம். "பண்டிகைக்கு வான்கோழி குடுத்துட்டு போட்டோ எடுத்துக்கிற துரைங்க" என்று அவர்கள் சொல்வார்கள். "ஜெயில்ல இருந்து வந்து நமக்குப் புத்தி சொல்றானுங்க" என்று இவர்கள் சொல்வார்கள். இரண்டு வீட்டுக்கும் தபால் கொண்டுபோகிற டில்லரிதான் நடுவில் நின்று ஜூன், ஜூலை முழுக்கப் பேசினார்.

அந்தக் குழுவின் தலைவனுடைய கொட்டகை டில்லரி தபால் போடும் தெருக்களில் இல்லை, அவனை முதல்முறை பார்க்கப் போனது அப்போதுதான். பழுதான கார்களை இழுத்துவரும் லாரி ஓட்டுகிறவன். ஐம்பத்தொரு வயது. கையிலிருந்த எண்ணெய்யைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தவன் நின்று பார்த்தான், அப்புறம் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"பெரியண்ணே! என்னைத் தெரியல? நான் ரோடெல். ரோடெல் ஸ்பைட். அன்னைக்கு என்னைத் தூக்கிட்டு ஓடுனீங்களே!"

தெரியாமலா? முப்பத்திரண்டு வருஷமாக மறக்கப் பார்த்த முகம் அது.

கதையை இங்கே நிறுத்தி அதைச் சொல்லியாக வேண்டும். சங்கத்தில் சேர வருகிற பையன்களை வரிசையாக நிறுத்திப் பலகையால் அடிப்பார்கள். சட்டப்படி தடை, சங்கத்தின் விதிப்படியும் தடை. ஆனாலும் யாருக்கும் தெரியாமல் நடந்தது. அடி வாங்கி உள்ளே வந்தவனுக்கு அடிக்காமல் ஒருவனைச் சேர்க்க மனசு வராது, அவ்வளவுதான் அதன் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். ஒரு வீட்டின் நிலவறையில் ஏழு பையன்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, குனிந்து, முன்னால் நிற்பவன் இடுப்பைப் பிடித்தபடி நின்றார்கள். ரோடெல் கடைசி ஆள், பத்தொன்பது வயது. உள்ளே பழைய ஆட்கள் இரண்டே பேர். கார்னெல் விட்லோ எண்ணினார். டில்லரி அடித்தார்.

முப்பத்தொன்றாவது அடியில் ரோடெலுக்கு முன்னால் நின்றவன் விழுந்தான். அவன் பங்கைப் பின்னால் இருப்பவன் வாங்கலாம் என்பது அங்கே ஒரு வழக்கம். "அவனோடதயும் எனக்குக் குடுங்க, பெரியண்ணே" என்றான் ரோடெல். சொல்லிவிட்டு, வலியை அடக்க ஏதோ ஒரு தேவாலயப் பாட்டை முணுமுணுத்தான். டில்லரிக்கு என்ன வெறி வந்ததோ! தான் அழுத இடத்தில் இவன் பாடுகிறானா? பலகையை உயர்த்தி, அடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, இடுப்புக்கு மேலே நடு முதுகில் இறக்கினார். ஒன்றல்ல, நாலு. ஐந்தாவதை விட்லோ எண்ணவில்லை, பலகை இறங்கவும் இல்லை. பையன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கால்சட்டையில் ரத்தமாக மூத்திரம் போயிருந்தான்.

டில்லரிதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். காரில் வைத்துத்தான் கண்கட்டை அவிழ்த்தார். கண்ணைத் திறந்த ரோடெல் முதலில் பார்த்தது அழுகிற டில்லரியை. ஒரு சிறுநீரகத்தை எடுக்க வேண்டியிருந்தது. படிக்கட்டில் விழுந்தேன் என்று போலீஸிடமும் கல்லூரியிடமும் சொன்னான், ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். கண்கட்டுக்குள் அவன் கேட்டது விட்லோவின் குரல் ஒன்றுதான். எண்ணியவன்தான் அடித்தவன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அந்த அறையில் நடந்ததில் எவன் பெயரையும் வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது சங்கத்தில் சத்தியம். விட்லோ சத்தியத்தைக் காப்பாற்றினார். டில்லரியும் காப்பாற்றினார், ஆனால் அவர் காப்பாற்றியது சத்தியத்தையா தன் தோலையா என்று அவரையே கேட்க வேண்டும்.

இப்போது விட்லோதான் சங்கத்தின் தலைவர். சவ அடக்க நிலையம் நடத்துகிறார், ஜமாயாவைக் குளிப்பாட்டி உடுத்தியது அவர் கைதான்.

"உங்களுக்காக வரேண்ணே. உங்க ஒரு மூஞ்சிக்காக. ஆனா அந்த விட்லோ என் கண்ணுல பட்டான், அங்கேயே கொன்னுடுவேன்" என்றான் ரோடெல். டில்லரி தலையை ஆட்டினார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். திறக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வியாழன் மாலை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு கூட்டமும் சந்தித்தன. பொரித்த கெளுத்தி மீனும் ஸ்பகெட்டியும் மணத்தது. விட்லோவிடம் "நீங்க வராதீங்க பிரதர், நான் பாத்துக்கிறேன்" என்று டில்லரி நாலு தடவை சொல்லியிருந்தார். ஆனால் சங்கம் வாக்குக் கொடுப்பது என்றால் தலைவர் நேரில் கை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது வாக்கே இல்லை. விட்லோ வந்தார், வயதேறி மாறிப்போன அந்த முகத்தை ரோடெலுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் சும்மா இருந்தாரா? சாப்பாட்டுத் தட்டு பத்துமா என்று பார்க்க ஆட்களை எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ரோடெல் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. ஏழு எண்ணுவதற்குள் அவன் ஒரு இரும்பு நாற்காலியை மடக்கித் தூக்கியிருந்தான். முதல் அடி தாடையில். பல் தெறித்து மீன் தட்டில் விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது அடிக்குள் பச்சைச் சட்டைகள் அவன் மேல் பாய்ந்தன, ஆரஞ்சு மேலங்கிகள் பச்சைச் சட்டைகள் மேல் பாய்ந்தன. அறுபது வயது வாத்தியார் ஒருவர் ஒருத்தன் காதைக் கடித்தார். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து இரண்டு பேர் கால் வெந்தது.

"நிறுத்துங்கடா! பொணம் விழுந்த வீட்டுக்காரி கேக்குறேன், நிறுத்துங்கடா!" என்று மேசை மேல் ஏறி நின்று கத்தினாள் ஓரேதா. ஜமாயாவின் அத்தை, ஆரஞ்சுக் குழுவில் இருப்பவள். அவள் குரலுக்குத்தான் அடங்கினார்கள்.

தரையில் கிடந்த விட்லோ, ரத்தம் வழிகிற வாயோடு, டில்லரியைத்தான் பார்த்தார். டில்லரி சுவரோடு ஒட்டி, வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல நின்றார்.

"எங்க தலைவர் தாடைய உடைச்சவன் அவர் கால்ல விழணும். அதுவரைக்கும் நாங்க வரமாட்டோம்" என்றார்கள் பச்சைச் சட்டைகள்.

"என் கிட்னிய எடுத்தவன் கால்லயா? செத்தாலும் நடக்காது" என்றான் ரோடெல்.

கூட்டம் கலைந்தது. ஓரேதா, கவிழ்ந்த எண்ணெய் மேல் உப்பைக் கொட்டிக்கொண்டே டில்லரியைக் கூப்பிட்டாள். "மிஸ்டர் டில்லரி, திங்கக்கிழமை மூணு மணிக்கு இருநூறு பிள்ளைங்க தனியா நடக்கும். உங்க ரெண்டு கூட்டமும் ரோஷத்தைக் கட்டிக்கிட்டு வீட்ல படுங்க. நல்லா இருங்க."

சனிக்கிழமை டில்லரி ஆஸ்பத்திரிக்குப் போனார். விட்லோவின் தாடையைக் கம்பி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மடியில் காகித அட்டை, கையில் பேனா.

"பிரதர், நான் சொல்லிடுறேன். ரோடெல்கிட்ட நான் சொல்லிடுறேன்" என்றார் டில்லரி.

விட்லோ எழுதினார்: 'வெளியாளிடம் சொன்னால் உன்னை நீக்க வேண்டும். கையெழுத்து நான்தான் போட வேண்டும்.'

"தெரியும்."

'உன் சாவுக்கும் வரமாட்டோம்.'

டில்லரி அந்த வரியை இரண்டு முறை படித்தார். அப்புறம் அழுதார். அம்மா பெட்டியைச் சுற்றி நின்ற அறுபது பேர் ஞாபகம் வந்தது. ஜமாயாவின் தொடைக்குள் விட்ட விரலும் ஞாபகம் வந்தது. வேறு வழி இருக்கிறதா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தார், இல்லை. அவர் வாயைத் திறந்தால்தான் ரோடெல் மன்னிப்புக் கேட்பான், ரோடெல் கேட்டால்தான் முப்பது பேர் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். டில்லரி பச்சைச் சட்டையில் ரோடெலின் லாரிக் கொட்டகைக்குப் போனார். அவன் ஒரு காரை இழுத்துவந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. அந்த ஆள் சார்பா பேச வந்தா, அப்படியே திரும்பிடுங்க."

"விட்லோ எண்ண மட்டும்தான் செஞ்சாரு. அடிச்சது நான்."

ரோடெல் சிரித்தான். "அவனக் காப்பாத்த எவ்வளவு தூரம் போவீங்க?"

"முன்னால நின்னவன் விழுந்தான். நீ அவனோடத எனக்குக் குடுன்ன. அப்புறம் பாட்டு முணுமுணுத்த. உனக்கு மட்டும் கேக்குற மாதிரி. பக்கத்துல நின்னவனுக்குத்தான் அது கேக்கும், ரோடெல். விட்லோ படிக்கட்டுகிட்ட நின்னாரு. நீ அழலைன்னுதான் அடிச்சேன். வேணும்னே மேல அடிச்சேன். நாலு தடவை."

ரோடெலின் முகம் செத்துப்போயிற்று. கையுறையைக் கழற்றி லாரிப் படியில் வைத்தான். முதல் குத்து வயிற்றில் விழுந்தது. டில்லரி மடங்கினார். முழங்காலால் முகத்தில் ஒன்று. மூக்கு நொறுங்கிய சத்தம் டில்லரிக்கே கேட்டது. கீழே விழுந்தவரை உருட்டிக் குப்புறப் போட்டு, முதுகில் ஏறி உட்கார்ந்து, இடுப்புக்கு மேலே அதே இடத்தில் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் எண்ணினான், ஏழு வரைக்கும். பக்கத்தில் கிடந்த இழுவைச் சங்கிலியைக் கையில் சுற்றித் தூக்கினான். டில்லரி கையை உயர்த்தவில்லை, தலையைக்கூட மறைக்கவில்லை.

சங்கிலி இறங்கவில்லை. ரோடெல் அதைத் தூர எறிந்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

"அடிச்சதக்கூட விட்டுடுவேன்டா. அந்த வயசுல நாமெல்லாம் கிறுக்கனுங்கதான். ஆனா என்னைத் தூக்கிட்டு ஓடுன ஒருத்தன் இருக்கான்னு நெனச்சித்தானே நான் உயிரோட இருந்தேன்? இந்த மேலங்கியப் போட்டுக்கிட்டதே அதுக்குத்தானே? எனக்கு ஒருத்தன் செஞ்சான், நான் நாலு பேருக்குச் செய்யணும்னு! அது கூட இல்லாமப் பண்ணிட்டியேடா, பாவி!"

டில்லரி புரண்டு ஒருக்களித்தார். வாயில் ரத்தம் நிறைந்திருந்தது.

"எந்திரி. வண்டில ஏறு."

ஆஸ்பத்திரியில் விட்லோவின் அறையில் ஏழெட்டுப் பச்சைச் சட்டைகள் இருந்தோம். ரோடெல் உள்ளே வந்ததும் எழுந்தோம். அவன் டில்லரியைப் பிடரியில் தள்ளி நடுவில் நிறுத்தினான். உடைந்த மூக்கோடு டில்லரி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார், எங்கள் முன்னால், வெளியாள் முன்னால். சத்தியம் உடைந்தது. விட்லோ கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பான தாடைய உடைச்சிட்டேன்" என்றான் ரோடெல். கட்டில் ஓரத்தில் மண்டியிட்டான். யாரும் விழச் சொல்லவில்லை.

விட்லோ எழுதினார்: 'எண்ணியது நான்தான். முதல் தப்பான அடியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.' ரோடெல் அதைப் படித்து, தாளை அட்டையிலிருந்து உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு வருவீங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டான். நாங்கள் விட்லோவைப் பார்த்தோம். அவர் தலையசைத்தார். அப்புறம் இன்னொரு தாளை எடுத்தார். டில்லரியை நீக்கும் தாள். கையெழுத்துப் போட்டார். விதி அது. அதைப் படித்துச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது, ஏனென்றால் நான்தான் செயலர். முப்பது வருஷ நண்பனிடம் அதைப் படித்தேன். படித்து முடித்ததும் அவர் தோளிலிருந்து பச்சைச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். ரத்தத்தில் நனைந்திருந்தது.

"அப்ப உங்க பக்கமாவது..." என்று டில்லரி ரோடெலைப் பார்த்தார். "ஆரஞ்சு போட்டுக்கிட்டு நிக்கிறேன். கடைசி முனைல நிறுத்து. ஆபத்தான முனைல."

"என் ஆளுங்க ஒருத்தன ஒருத்தன் நம்பி முதுகக் காட்டி நிப்பாங்க. உங்கிட்ட நான் எப்படிடா முதுகக் காட்டுவேன்?" என்றான் ரோடெல்.

திங்கட்கிழமை டில்லரி லீவு போடவில்லை. மூக்கில் பிளாஸ்திரியும் விலாவில் கட்டுமாக வழக்கம்போலத் தபால் பையோடு ஹார்லன் தெருவுக்கு வந்தார். மணி மூன்று. நாங்கள் நாற்பத்தொரு பேர் இருந்தோம். மூன்று பச்சைக்கு ஒரு ஆரஞ்சு என்று கலந்து நின்று, நடுவில் பிள்ளைகளை விட்டு நடந்தோம். முன்னால் ரோடெல். அவன் பக்கத்தில், டாக்டர் சொல்லைக் கேட்காமல் எழுந்து வந்த விட்லோ, பேச முடியாத வாயோடு.

நாலாவது தெருவில் ஒரு கார் வேகம் குறைத்தது. கண்ணாடி பாதி இறங்கியது. ரோடெல் கையைத் தூக்கினான். நாற்பத்தொரு பேரும் பிள்ளைகளை மறைத்துக்கொண்டு அந்தக் காரின் பக்கம் திரும்பி நின்றோம். உள்ளே இருந்தவன் ரோடெலைப் பார்த்தான். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

ஐந்தாவது தெருவில் டில்லரி நடைபாதை நடுவில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கால் தானாக இரண்டு எட்டு முன்னால் வந்தது, வரிசையில் சேரப் போகிறவர் மாதிரி. விட்லோ நேராகப் பார்த்தபடி அவரைக் கடந்தார். ரோடெலும் கடந்தான். நானும் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன், அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

எனக்குப் பின்னால் ஓரேதா, இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் மட்டும் அவரிடம் பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"வழிய விடுங்க, மிஸ்டர் டில்லரி. பிள்ளைங்க வராங்க."

அவர் நடைபாதையிலிருந்து இறங்கிச் சாலையில் நின்றார்.